ஓட்டப் போறீங்களா, சறுக்கப் போறீங்களா? நெல்லையிலிருந்து பனிமலைக்குக் குடும்பத்தோடு

கே.டி.சி. நகர் பாலத்துப் பக்கம் என்.எச். 44-இல் ஏறி வடக்கே திருப்பினால் அந்தச் சாலை போய் முடிவது ஸ்ரீநகரில். ரோடு ஒன்றுதான், நடுவே சுமார் 3,600 கிலோமீட்டர். பல வீடுகளில் ஆசையைக் கிளப்பிவிடுவது இந்த ஒரு சங்கதிதான்: நம்ம வண்டியிலேயே போய், பிள்ளைகளைப் பனியில் சறுக்க விட்டுக் கூட்டி வந்தால் என்ன?

யார் யார் வருகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணும்போதுதான் சிக்கல் தெரியும். முட்டுவலிக்கார ஆச்சி. குற்றாலச் சாரலைத் தாண்டிக் குளிர் பார்க்காத அப்பா, அம்மா. காலேஜில் முதல் வருஷம் படிக்கும் அக்கா. எட்டு வயதுத் தம்பி. ஜெர்மனியில் வேலை பார்த்து, ஆல்ப்ஸில் நாலு சீசன் சறுக்கிவிட்டு லீவில் வந்திருக்கும் சித்தப்பா. ஆறு பேருக்கும் ஒரே இடம் வேண்டும், வண்டியும் நாமே ஓட்ட வேண்டும்.

இந்த இரண்டு ஆசையும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல். இரவெல்லாம் நன்றாகப் பனி கொட்டிய மறுநாள்தான் சறுக்குவதற்கு நல்ல நாள், வண்டி ஓட்டுவதற்கு அதுதான் மோசமான நாள். எந்த ஆசையை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று வீட்டில் முதலில் பேசி முடித்துவிட்டால் ஊரைத் தேர்ந்தெடுப்பது லேசாகிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

ஆறு பேரில் இரண்டு பேர் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகையில் ஏறவே மாட்டார்கள். அவர்கள் நாள் முழுக்க என்ன செய்வார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலான வீடுகள் இதைக் கடைசியாகத்தான் யோசிக்கின்றன. அடுத்து, புதிதாகக் கற்பவருக்குச் சாய்வு குறைந்த, நெரிசல் இல்லாத இடமும் வாத்தியாரும் உண்டா. தேறியவருக்கு இரண்டாம் நாள் சலிப்புத் தட்டுமா. சாலையின் கடைசி 15 கிலோமீட்டர் எப்படி. கால் முறிந்தால் பெரிய ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரத்தில்.

இவற்றுக்கெல்லாம் மேலே லீவு. அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. அப்போது பனி சரியாகப் படிந்திருக்காது, கூட்டமோ வருஷத்திலேயே அதிகம். பொங்கல் விடுமுறையோடு மூன்று நான்கு நாள் சேர்த்துக்கொள்வது மேல். காஷ்மீரில் டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரை ‘சில்லை கலான்’ என்பார்கள், பொங்கல் அதன் நடுவில் விழுகிறது. பிப்ரவரிதான் பனிக்கு இன்னும் நல்லது, ஆனால் பள்ளிக்கூடம் விடாது. ஏப்ரல், மே என்றால் பனிச்சறுக்கை மறந்துவிட்டுப் பனியைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

## முழுக்கச் சொந்த வண்டியில்

ஒரு நாளைக்கு 600 கிலோமீட்டர் ஓட்டினால் ஆறு நாள். ஆச்சியும் சின்னவனும் இருக்கிற வண்டியில் 450-தான் நடக்கும், அப்படியானால் எட்டு நாள். போக வர 7,200 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 15 என்று வைத்தாலும் 480 லிட்டர். இதோடு வழியில் 14 இரவு தங்கும் செலவு. சுங்கத்துக்கு ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் கைகொடுக்கும். 2025 ஆகஸ்ட் 15-இல் சொந்த உபயோகக் கார்களுக்கு 3,000 ரூபாயில் அறிமுகமானது இது, தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் 200 கடப்பு அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். மூன்று வாரம் லீவும், மாற்றி ஓட்ட இன்னொரு கையும் இருந்தால் மட்டும் இந்த வழியை நினைத்துப் பார்க்கலாம்.

ஓட்டுகிறவரை விட வண்டிதான் முதலில் மக்கர் பண்ணும். நம்மூர் வண்டி வெயிலுக்குப் பழகியது.

கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடுவது இங்கே பலருக்கும் பழக்கம். பனியூரில் அந்தத் தண்ணீர் உறைந்து விரியும், ரேடியேட்டரோ என்ஜின் பிளாக்கோ விரிசல் விடும். கிளம்பும் முன் பழையதை முழுக்க வடித்துவிட்டு, கிளைக்கால் என்னும் உறையாத கூலன்ட் திரவமும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து நிரப்ப வேண்டும். அந்தக் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். கண்ணாடி கழுவும் தொட்டியிலும் வெறும் தண்ணீர் ஆகாது.

டீசல் வண்டிக்கு இன்னொரு தொந்தரவு. வெயில்கால டீசல் குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். தெற்கே நிரப்பிய டீசலோடு மலையேறாமல், அம்பாலாவுக்கு வடக்கே டேங்கை முக்கால்வாசி காலியாக்கி, அங்கே விற்கும் குளிர்காலச் சரக்கை நிரப்பிக்கொள்வது நல்லது. பெட்ரோலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

டயர் காற்று ஐந்தாறு டிகிரி குளிருக்கு ஒரு பிஎஸ்ஐ வீதம் இறங்கும். பாளையங்கோட்டையில் 35 டிகிரியில் 33 வைத்த டயர், மைனஸ் 5-இல் 26 காட்டும். பஞ்சர் என்று பதற வேண்டாம், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்த்து நிரப்பினால் போதும். மூன்று வருஷம் கடந்த பேட்டரியை இங்கேயே மாற்றிவிடுங்கள், கடுங்குளிரில் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரவில் ஹேண்ட்பிரேக் இழுத்து நிறுத்தினால் பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளக்கூடும். சமதளத்தில் முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, வைப்பரைத் தூக்கிவிட்டுப் போவதுதான் மலைக்காரர்கள் வழக்கம்.

சாலையில் கொட்டிக் கிடக்கும் வெள்ளைப் பனியை விட, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பனிக்குத்தான் பயப்பட வேண்டும். பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, தார் நனைந்ததுபோல் மட்டும் தெரியும். வெயில் படாத மலை வளைவுகளில் காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் இருக்கும். அங்கே பிரேக்கை மிதித்தால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. இரண்டாம் கியரில் இறங்கி, முன்வண்டிக்கு ஏழெட்டு வண்டி நீளம் இடைவெளி விட வேண்டும். பனியில் பிடிமானத்துக்காக டயரில் சுற்றும் சங்கிலியை என்ஜின் இழுக்கும் சக்கரத்தில் மாட்ட வேண்டும், நம்மூர்க் கார்களில் பெரும்பாலும் அது முன்சக்கரம். பின்னால் மாட்டிக்கொண்டு ஏறப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சங்கிலி போட்டபின் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

## பறந்துபோய் வாடகைக் காரில்

வாகைகுளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை வழியாகவோ, இரண்டரை மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள மதுரை, திருவனந்தபுரம் வழியாகவோ டெல்லி அல்லது சண்டிகர் போய், அங்கே தானே ஓட்டும் கார் எடுப்பது. ஒரு வார லீவுக்கு இது பொருந்தும். ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் படித்துப் பாருங்கள்: தினசரி கிலோமீட்டர் வரம்பு, மலை மாநிலங்களுக்குத் தடை உண்டா, பனியில் சேதமானால் யார் பொறுப்பு. முன்பணம் திரும்ப வரச் சில நாளாகும், அதைக் கைச்செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆறு பேரும் மூட்டையும் என்றால் ஏழு இருக்கை வண்டியும் நெருக்கும், மூன்றாம் வரிசையை விரித்தால் பெட்டி வைக்க இடமிருக்காது.

வாடகைக் காரை சண்டிகரிலிருந்து மணாலி வரை ஓட்டி, விடுதியில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து சறுக்கும் இடமான சோலாங்குக்கு உள்ளூர் நான்குசக்கர இழுவை (4x4) வண்டியை ஓட்டுநரோடு பிடிப்பது கௌரவக் குறைச்சலே இல்லை. அந்தக் கடைசி 14 கிலோமீட்டரில்தான் சமவெளி ஓட்டுநர்கள் பள்ளத்தில் இறங்குகிறார்கள்.

## குல்மார்க்

சறுக்குவதற்கென்றே பார்த்தால் இந்தியாவில் இதற்கு மேல் ஒன்றில்லை. ஊர் 2,650 மீட்டர் உயரத்தில். கொண்டோலா என்னும் கேபிள் கார் முதல் கட்டத்தில் கொங்தூரிக்கும், இரண்டாம் கட்டத்தில் 3,900 மீட்டருக்கு மேலே அபர்வத் மலைத்தோளுக்கும் ஏற்றிவிடும். ஆறு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை கொடுப்பது இந்த அமைப்புதான். தம்பியும் அக்காவும் ஊரை ஒட்டிய தாழ்ந்த சரிவில் கற்பார்கள். சித்தப்பா மேலே போவார். ஆச்சி முதல் கட்டம் வரை உட்கார்ந்தபடியே போய்ப் பனியைப் பார்த்து, கொங்தூரியில் கஹ்வா என்னும் காஷ்மீர்த் தேநீர் குடித்துவிட்டு இறங்கலாம்.

நிலையத்தில் கேபின் முழுதாக நிற்காமல் மெல்ல நகர்ந்தபடி இருக்கும். ஒருவர் முதலில் ஏறி உள்ளிருந்து கை கொடுக்க, இன்னொருவர் பின்னால் நின்று ஆச்சியை ஏற்றுங்கள். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் இரண்டாம் கட்டத்துக்குப் போகவே வேண்டாம். கடல் மட்டத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த உடம்புக்கு, இரண்டே நாளில் 3,900 மீட்டர் என்பது தலைவலியில் தொடங்கி மூச்சுத்திணறலில் கொண்டுவிடலாம்.

அந்த மேல்சரிவு சித்தப்பாவுக்கும் ஆல்ப்ஸ் மாதிரி இருக்காது. சமன் செய்யப்பட்ட தடம் இல்லை, எல்லாம் இயற்கையாகக் கிடக்கும் பனி, பனிச்சரிவு அபாயம் உண்டு. 2023 பிப்ரவரியில் அபர்வத்தில் பனிச்சரிவில் சிக்கி போலந்துக்காரர் இருவர் இறந்தார்கள். ரோந்துக் குழு ‘மூடியிருக்கிறது’ என்று சொன்ன பக்கம் போவதில்லை என்று சித்தப்பாவிடம் இங்கேயே சத்தியம் வாங்கிக்கொள்ளலாம்.

கற்றுக்கொள்ள, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழுள்ள இந்தியப் பனிச்சறுக்கு மலையேற்ற நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. தனி வாத்தியார்களும் கிடைப்பார்கள். கூலி நாளுக்கா மணிக்கா, உபகரணம் சேர்த்தா என்பதைச் சரிவில் இறங்கும் முன்பே பேசி முடியுங்கள்.

ஓட்டும் ஆசைக்கு இந்த ஊர் எதிரி. ஜம்முவிலிருந்து வரும் பாதையில் ராம்பன்–பனிஹால் பகுதி மழையிலும் பனியிலும் மண்சரிந்து மூடிக்கொள்ளும், சில நாள் ஒருவழியாகத்தான் விடுவார்கள். 2021-இல் திறந்த பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் கணவாயின் பனியைத் தவிர்க்க உதவுகிறது, ராம்பன் சரிவுகளுக்கு அது மருந்தில்லை. ஸ்ரீநகர் வரை ஓட்டிவிட்டாலும், பனி விழுந்தால் தங்மார்க்கில் நிறுத்திவிடுவார்கள். மீதி 13 கிலோமீட்டருக்குச் சங்கிலி மாட்டிய வண்டியோ நான்குசக்கர இழுவையோதான். விமானத்தில் ஸ்ரீநகர் இறங்கி, உள்ளூர் ஓட்டுநரோடு போவதே இங்கே சரி.

மறைசெலவுகளும் உண்டு. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, குடும்பத்தில் இரண்டு எண்ணையாவது போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கொண்டோலா சீட்டு இணையத்தில்தான், முன்பதிவு செய்யாமல் போனால் சீட்டு இருக்காது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து கொண்டோலாவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், ஆச்சிக்காகப் பனியில் இழுத்துப் போகும் ஸ்லெட்ஜ்காரரிடம் பேரம் பேச வேண்டிவரும். பனிக்கும் உத்தரவாதமில்லை. 2024 ஜனவரி மாசக் கடைசி வரை குல்மார்க் வெறும் புல்லாகக் கிடந்தது. முழுத் தொகையும் கட்டிவிட்டுப் போன குடும்பங்கள் குதிரை ஏறிவிட்டுத் திரும்பின.

## சோலாங், மணாலி வழியாக

சித்தப்பா முகம் சுளிப்பார். மற்ற ஐந்து பேருக்கும் இதுதான் தோதான இடம்.

சண்டிகரிலிருந்து மணாலி ஒரு பகல் ஓட்டம். கிரத்பூர்–நேர்சவுக் நான்குவழிச் சாலையும் சுரங்கங்களும் வந்தபின் மண்டி வரை பாரமில்லை. மண்டிக்கு மேலே பண்டோ, அவுட் பக்கம் பாறை உருளும் இடங்கள் உண்டு, இருட்டும் முன் கடந்துவிட வேண்டும். மணாலி 2,050 மீட்டர்தான், ஆச்சிக்கு மூச்சு வாங்காது. 1553-இல் கட்டிய ஹிடிம்பா கோயில், தேவதாரு மரங்களுக்கு நடுவே இருக்கிறது. மூன்று கிலோமீட்டர் தள்ளி வசிஷ்ட் வெந்நீர் ஊற்று. முட்டுவலிக்கு இதமாக இருக்கும் என்று ஆச்சி இரண்டாம் நாளும் கேட்பது நிச்சயம்.

சறுக்கும் இடமான சோலாங், மணாலியிலிருந்து 14 கிலோமீட்டரில், சுமார் 2,500 மீட்டரில். அடிவாரம் சாய்வு குறைந்தது, முதல் இரண்டு நாள் கற்க ஏற்றது. ஆனால் பத்து மணிக்கு மேல் அங்கே ஸ்னோ ஸ்கூட்டர், உட்கார்ந்து சறுக்கும் காற்றடைத்த ட்யூப், குதிரை, மேகி கடை என்று டவுன் ரதவீதியில் தேரோட்டம்போல் ஆகிவிடும். பிரேக் பிடிக்கத் தெரியாத தம்பியும், பிரேக்கே இல்லாத ட்யூபும் ஒரே சரிவில் இறங்குவது நல்லதில்லை. காலை எட்டரைக்கே போய்ப் பதினொன்றுக்குள் முடிப்பது ஒரு வழி. ரோப்வேயில் 3,200 மீட்டர் வரை ஏறி மேலே பழகுவது இன்னொரு வழி, கீழே பனி கரைந்த நாளிலும் அங்கே இருக்கும்.

சித்தப்பாவுக்கு ஹம்டா பக்கம் உள்ளூர் வழிகாட்டியோடு நடந்து ஏறிச் சறுக்கும் இடங்கள் உண்டு. லிஃப்ட் கிடையாது. ஒரு இறக்கத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஏற வேண்டும்.

சோலாங் காய்ந்து கிடந்தால், 2020 அக்டோபரில் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தைத் தாண்டி லாஹௌல் பக்கம் சிஸ்ஸுவில் பனி இருக்கலாம். அங்கே விளையாடலாம், முறையாகக் கற்க வசதி குறைவு. பனி கொட்டினால் நேரு குண்ட் பக்கம் போலீஸ் தடுத்து, நான்குசக்கர இழுவை வண்டிகளை மட்டும் விடும். கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிருங்கள். 2024 டிசம்பரில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே சுமார் ஆயிரம் வண்டிகள் பனியில் மாட்டி நின்றன. அப்படி மாட்டினால் ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை முழுக்க ஏற்றி உட்காராதீர்கள். புகைக்குழாயைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாடையே கிடையாது. குழாய் வாயைத் தோண்டிவிட்டு, ஒரு கண்ணாடியை விரலளவு இறக்கி வையுங்கள். விடுதி அறையில் கரி கணப்பு, கேஸ் ஹீட்டர் வைத்துக்கொண்டு கதவடைத்துத் தூங்குவதும் அதே ஆபத்துதான்.

வெளிமாநில வண்டிக்கு நுழைவுச் சுங்கம், மணாலியில் பசுமை வரி, அறை ஹீட்டருக்குச் சில விடுதிகளில் தனிக்காசு என்று சில்லறையாகக் கரையும்.

## ஆலி

உத்தராகண்டில், நந்தாதேவியை எதிரே வைத்துச் சறுக்கலாம். 2,500 முதல் 3,050 மீட்டர் வரை சரிவு, அழகில் மூன்றிலும் இதுவே முதல். ஒரு வேடிக்கை: நெல்லை வழியே போன பழைய ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, எண் மாற்றத்தில் 44 ஆனது. அந்த ஏழு இப்போது ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வழியாக பத்ரிநாத் பக்கம் போகும் சாலைக்கு.

ரிஷிகேஷிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர், முழுப்பகலும் வளைவுகள். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கும் முட்டுவலிக்கும் இது தண்டனை. ஜோஷிமட்–ஆலி ரோப்வே 2023 ஜனவரியில் ஊரின் நிலம் உள்வாங்கிய சிக்கலில் நின்றுபோனது, ஆகவே சாலையை நம்பியே திட்டமிட வேண்டும். கார்வால் மண்டல வளர்ச்சிக் கழகம் ஏழு நாள், பதினான்கு நாள் வகுப்புகள் நடத்துகிறது. வயசாளி இல்லாமல், ஒரு வாரம் உட்கார்ந்து கற்க நினைக்கும் அக்கா மாதிரி ஆட்களுக்கு நல்ல இடம்.

## துபாய்

கேட்டதும் சிரிப்பு வரும். கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் தெருவுக்கு நாலு வீட்டில் துபாயில் ஆள் இருக்கும்போது, இதை ஒதுக்கவும் முடியாது. 2005-இல் திறந்த ஸ்கி துபாய் ஒரு மாலுக்குள் இருக்கும் பனி அரங்கம். நீளமான தடம் 400 மீட்டர். பனி எந்த நாளும் உண்டு, உயரத் தொல்லை இல்லை, ஆச்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காபியோடு பார்க்கலாம். நிற்கவும் திரும்பவும் தெரியாதவரைப் பெரிய சரிவில் விட மாட்டார்கள், முதலில் வகுப்பு. கார் ஓட்ட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிப் போக வேண்டும். சித்தப்பா அரை மணியில் வெளியே வந்துவிடுவார்.

## ஒரே பார்வையில்

| | குல்மார்க் | சோலாங் | ஆலி | துபாய் |
|---|---|---|---|---|
| சறுக்காதவருக்கு | முதல் கட்டக் கேபிள் கார் | கோயில், வெந்நீர் ஊற்று, கடைவீதி | மலைக்காட்சி மட்டும் | மால் |
| முதல்முறைக்காரர் | நல்லது | காலையில் நல்லது, பகலில் நெரிசல் | மிக நல்லது | நல்லது |
| தேறியவர் | மிக நல்லது | சுமார் | நல்லது | போதாது |
| நாமே ஓட்ட | வேண்டாம் | மணாலி வரை சரி | களைப்பு | எளிது |
| பெரிய ஆஸ்பத்திரி | ஸ்ரீநகர், 50 கி.மீ. | குல்லு, சுமார் 55 கி.மீ. | ரிஷிகேஷ், 250 கி.மீ. | ஊருக்குள்ளேயே |
| பொங்கல் லீவில் பனி | பெரும்பாலும் | பாதிக்குப் பாதி | நிச்சயமில்லை | எப்போதும் |

ஆச்சி வருவதாக இருந்து, ஸ்டியரிங்கும் நம் கையில்தான் என்றால் சோலாங், சண்டிகரிலிருந்து வாடகைக் கார், பொங்கல் லீவு. சறுக்குவதுதான் முக்கியம், ஓட்டும் ஆசையை விட்டுவிடலாம் என்றால் தயங்காமல் குல்மார்க். கிளம்பும் வாரத்தில் பாதுகாப்பு நிலவரத்தையும் சாலை நிலவரத்தையும் பார்த்துவிட்டு, ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள். முழு என்.எச். 44-ஐயும் ஓட்டியே தீர வேண்டும் என்பவருக்கு வேறொரு யோசனை: அதைத் தனிப் பயணமாக அக்டோபரில் வைத்துக்கொள்ளலாம்.

## எங்கே போனாலும், வாடகைக் கடையில்

பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். குளிருமே என்று இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு பூட்ஸ் மாட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் விறைக்கும். முழங்கால் வரை வரும் கம்பளி சாக்ஸ் ஒன்றே போதும். நிமிர்ந்து நின்றால் கால்விரல் பூட்ஸின் முனையை லேசாகத் தொட வேண்டும், முட்டியை முன்னே மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் எழக் கூடாது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் விறைத்துக்கொள்ளும். உள்ளே தெர்மல், நடுவே ஃபிளீஸ், வெளியே நீர் புகாத உடுப்பு என்று மூன்று அடுக்கு. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், சறுக்காத ஆச்சிக்கும் கறுப்புக் கண்ணாடி அவசியம்.

முதல்முறைக்காரருக்கு ஸ்கீ நிற்கவைத்தால் தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் வர வேண்டும். நீளமானது திரும்பாது. பூட்ஸை ஸ்கீயில் பிணைக்கும் பைண்டிங் விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசைக்குக் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம், சறுக்கும் திறமை பார்த்துத் திருகாணியில் வைப்பார்கள். வெட்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் சும்மா நிற்கும்போதே கழலும். கடைக்காரர் முந்தைய ஆளுக்கு வைத்ததை மாற்றாமல் கொடுத்தால் கழலாமல் முட்டித் தசைநார் கிழியும். தம்பிக்குக் கொடுக்கும் ஸ்கீயில் பெரியவருக்கு வைத்த எண் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், கடைக்காரர் அவன் எடையைக் கேட்காமலே ஸ்கீயை நீட்டினால் வாங்காதீர்கள்.